ஆறு மாதத்திற்கு ஒருமுறை பல் பரிசோதனை என்பது வீட்டில் எல்லோருக்கும் பொருந்துமா?

அமராவதிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் கடைவாய்ப்பல் ஒன்றில் விழுந்திருந்த சொத்தையை அடைப்பதற்காகக் கரூரில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். வேலை முடிந்து பணம் கட்டும்போது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்ட வரவேற்பாளர், நான்கு அட்டைகளை எழுதி என் கையில் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து வரும் ஒரு சனிக்கிழமையின் தேதியும், அதற்குக் கீழே "செக்கப், கிளீனிங்" என்ற குறிப்பும் அவற்றில் இருந்தன. நான்கு அட்டையிலும் ஒரே தேதி, ஒரே குறிப்பு.

என் அப்பாவுக்கு 70 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அதைவிட நீண்ட காலமாக வெற்றிலையோடு புகையிலையும் போட்டு வருகிறார். என் மனைவிக்கு 38 வயது. இதுவரை ஒரு பல்லும் சொத்தையானதில்லை, பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்ததுமில்லை. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு 43 வயது. இரண்டு ஆண்டுகளில் மூன்று பற்களை அடைத்தாகிவிட்டது. இப்படி நான்கு விதமாக இருக்கும் நான்கு பேரும் ஒரே இடைவெளியில்தான் போக வேண்டுமா என்பதே என் கேள்வி. ஆறு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது, ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் எதை இழப்போம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். அடிக்கடி கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதால் அப்பா மருத்துவமனைப் பக்கமே வர மறுக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வைகைப் பல்மருத்துவர்

ஐயா, வணக்கம். மதுரைப் பக்கம் 26 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். உங்களுடைய கேள்வியைப் பல் மருத்துவர்களே தங்களுக்குள் நீண்ட காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆறு மாதம் என்ற கணக்கு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. அது மக்கள் மனத்தில் ஊன்றியதில் அமெரிக்க வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. நாளுக்கு இருமுறை பல் துலக்குங்கள், ஆண்டுக்கு இருமுறையாவது பல் மருத்துவரைப் பாருங்கள் என்று 1930-களில் பெப்சோடென்ட் பற்பசை விளம்பரம் திரும்பத் திரும்பச் சொன்னது. பின்னர் அதுவே பல நாடுகளில் மருத்துவ வழக்கமாகவும் ஆகிவிட்டது. லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஆப்ரி ஷீஹாம் 1977-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில், ஆறு மாதப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை ஏதேனும் உண்டா என்று நேரடியாகவே கேட்டார். அதன்பின் 2004-இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டு நெறி, ஒரே இடைவெளியை எல்லோருக்கும் விதிப்பதைக் கைவிட்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 முதல் 12 மாதம் வரையிலும், பெரியவர்களுக்கு 3 முதல் 24 மாதம் வரையிலும் அவரவர் வாயின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யலாம் என்றது.

இதைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வும் பிரிட்டனில்தான் நடந்தது. 51 பல் மருத்துவமனைகளில் 2,372 பெரியவர்களைச் சேர்த்து, சிலரை ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், சிலரை அவரவர் நிலைக்கேற்ற இடைவெளியிலும், நோய்க்கான வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் கருதியவர்களில் சிலரை 24 மாதத்திற்கு ஒருமுறையும் வரச்செய்து நான்கு ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2020-இல் வெளியான முடிவுகளின்படி, ஈறில் இரத்தக் கசிவு என்ற அளவுகோலில் இந்தப் பிரிவினரிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 5,117 பேரின் 16 ஆண்டுக்கால மருத்துவப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. புகைப்பழக்கம், சர்க்கரை நோய், ஈறு நோய்க்கு இடம் கொடுக்கும் ஒரு மரபணு வகை ஆகிய மூன்றும் இல்லாதவர்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை போனாலும் இருமுறை போனாலும் பல் இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இவற்றுள் ஒன்று இருந்தவர்களுக்கே இரண்டு முறை சென்றது பயன் தந்திருக்கிறது. ஒன்றுக்கு மேல் இருந்தவர்களுக்கு இரண்டு முறையும் போதாமல் போகலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஆகவே உங்கள் மனைவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இப்போது ஒருமுறை முழுமையாகப் பார்த்து, ஈறும் பல்லும் நன்றாக இருப்பது உறுதியானால் ஆண்டுக்கு ஒருமுறை போதும்; இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே நீடித்தால் இடைவெளியை இன்னும் நீட்டுவதைப் பற்றி மருத்துவரிடமே பேசலாம். கர்ப்ப காலம் வந்தாலோ, வாயை உலரச் செய்யும் மாத்திரை எதையும் தொடர்ந்து எடுக்க நேர்ந்தாலோ இந்தக் கணக்கு மாறும். உங்களுக்கு ஆறு மாதம் சரியானது. இரண்டு ஆண்டில் மூன்று சொத்தை என்றால் வாயில் ஏதோ ஒரு காரணம் இன்னும் இருந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உணவுக்கு இடையில் சர்க்கரை போட்ட தேநீரை எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பதை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். புதிய சொத்தை எதுவும் விழாமல் இரண்டு ஆண்டு ஓடிவிட்டால் நீங்களும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்கு மாறிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு ஆறு மாதம் என்பது நீண்ட இடைவெளி. சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறைத் தாங்கும் எலும்பு விரைவாகக் கரைகிறது. ஈறில் அழற்சி இருக்கும்வரை சர்க்கரையும் எளிதில் இறங்குவதில்லை. முறையாக ஈறு சிகிச்சை செய்த சில மாதங்களில் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகையிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: அதை வாயில் ஒதுக்குபவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து இருப்பதால், பல்லோடு கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் பார்க்க வேண்டும். அதனால் அவரை இந்த மாதமே அழைத்துச் செல்லுங்கள், அட்டையில் உள்ள தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற அச்சத்தை அவரிடம் இப்படி விளக்கிப் பாருங்கள். ஈறு நோய் முற்றியவர்களுக்குப் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். கீழ் முன்பற்களின் உட்புறம் சுண்ணாம்புக் கட்டிபோல் படிந்திருக்கும் காரை, பல்லோடு பல்லைச் சேர்த்துப் பிடித்து, அந்த ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் பல்லின் உண்மையான நிலை தெரிகிறது. எடுத்ததனால் ஆட்டம் வந்ததில்லை. சில நாள்களுக்குப் பல் கூசும்; பல்லிடுக்கில் நாக்கு போய் வரும்; அது இயல்புதான்.

அதே சமயம் பரிசோதனையும் கிளீனிங்கும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடர்ந்து பரிசோதனைக்கு வரும், ஈறு நோய் முற்றாத பெரியவர்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை வழக்கமாகக் காரை எடுப்பதால் ஈறழற்சியில் பெரிய வேறுபாடு எதுவும் ஏற்படுவதில்லை என்று பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கூறுகிறது. மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது, எடுக்கும்போது இரத்தம் வருகிறதா என்று பார்ப்பதுதான் ஈறு பரிசோதனையின் உயிர்நாடி. மூன்று வரை இறங்கினால் பொதுவாக அச்சமில்லை. நான்கும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டும். இந்தக் கம்பி வாய்க்குள் போகாமலேயே ஆறு மாதம் என்று தேதி எழுதப்பட்டிருந்தால், அந்த முடிவு எதன் அடிப்படையில் எடுக்கப்பட்டது என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

பென்னாகரம் அம்மா

மருத்துவர் ஐயா மகளைப் பற்றி எழுதவில்லை என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். என் பல்லிலும் உண்டு. என் மகனுக்கு ஏழு வயதில் கீழ்க் கடைவாயின் கடைசிப் பல்லில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தபோது, அதுவும் தண்ணீர்க் கறைதான் என்று நினைத்தேன். போதாக்குறைக்கு, அது பால்பல் என்றும், எப்படியும் விழுந்து முளைக்கும் என்றும் இருந்துவிட்டேன்.

ஓர் இரவு வீக்கம் கண்டு பிள்ளை தூங்காமல் அழுத பிறகு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே எனக்கு ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டிப் பற்களை எண்ணச் சொன்னார்கள். நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல் அது. பால்பற்கள் ஒரு பக்கத்தில் ஐந்துதான். ஆறாவதாக வருவது, ஆறு வயதையொட்டி எந்தப் பல்லும் விழாமலேயே பின்புறத்தில் சத்தமில்லாமல் முளைக்கும் நிலையான கடைவாய்ப்பல். அது விழுந்தால் மறுபடி முளைக்காது என்பதை அன்றுதான் அறிந்தேன். பல்லைக் காப்பாற்ற முடிந்தது, ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு வேர் சிகிச்சை என்று நான்கு முறை பேருந்தில் அழைத்துச் சென்ற வேதனையை இன்னும் மறக்க முடியவில்லை. ஐயா, உங்கள் மகள் இரண்டாம் வகுப்பு என்கிறீர்கள். இன்றைக்கே விளக்கு வெளிச்சத்தில் அவள் வாயைத் திறக்கச் சொல்லி, ஆறாவது பல் முளைத்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

வைகைப் பல்மருத்துவர்

அம்மா எழுதியது முற்றிலும் சரி. நான் விட்டதை அவர் நிரப்பிவிட்டார். பால்பல்லின் எனாமல் நிலையான பல்லின் எனாமலைவிட மெல்லியது என்பதால் அதில் சொத்தை வேகமாக உள்ளே போகும். புதிதாக முளைத்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். அவற்றில் தூரிகையின் நார் எட்டாது. அந்தப் பள்ளங்களை மருந்துப் பூச்சால் மூடிவிடலாம். ஊசியும் வலியும் இல்லாத, சில நிமிட வேலை அது. உங்கள் மகளைப் பொறுத்தவரை நான்கு கடைவாய்ப்பற்களும் முழுதாக முளைத்துப் பூச்சும் போட்டு முடியும்வரை ஆறு மாத இடைவெளியை விட்டுவிடாதீர்கள்.

வடமராட்சி மைந்தன்

வணக்கம். பருத்தித்துறையில் பிறந்து, இப்போது லண்டனில் வசிக்கிறேன். இங்குள்ள பல் வைத்தியர் என் முரசை, அதாவது ஈறைச் சோதித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். மேலே சொல்லப்பட்ட வழிகாட்டலின்படிதான் அவர் நடந்துகொண்டார், எனக்கும் அது பொருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் ஒரு விடயத்தைத் தாழ்மையுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பிரித்தானிய ஆய்வில் பங்குகொண்டவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகப் பல் வைத்தியரிடம் சென்று வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு வைத்தியர் இருந்தார், பழைய பதிவுகள் இருந்தன, அடுத்த முறை வரும்படி கடிதமும் வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு இடைவெளியை நீட்டுவது வேறு. வாழ்நாளில் ஒருமுறையும் போகாதவர்களிடம் ஆறு மாதம் அவசியமில்லை என்று சொல்வது வேறு.

இலங்கையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று தனியே பயிற்றப்பட்ட பற்சிகிச்சையாளர்கள் உண்டு. நான் படித்த பாடசாலையிலும் வகுப்பு வகுப்பாக வரிசையில் நிறுத்தி எங்கள் வாயைப் பார்த்தார்கள். பற்சூத்தை இருந்தவர்களுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த வயது கடந்தபின் கூப்பிட ஆளில்லை. என் அம்மாவுக்கு 64 வயது ஆகும்வரை, வலி எடுத்தால் கராம்பு எண்ணெய், அதற்கும் அடங்காவிட்டால் பல்லைப் பிடுங்குவது என்ற இரண்டு வழிகள்தான் இருந்தன. எங்கள் சனத்துக்கு முதலில் தேவைப்படுவது வலி இல்லாத ஒரு நாளில் வைத்தியரைப் பார்ப்பது என்ற பழக்கம். ஆறு மாதம் என்ற கணக்குக்கு ஆதாரம் குறைவாக இருந்தாலும், மனத்தில் நிற்கும் ஒரு கணக்காவது அவர்களிடம் இருக்கட்டும் என்று எண்ணுகிறேன்.

வைகைப் பல்மருத்துவர்

நீங்கள் சொல்வதை மனமார ஏற்கிறேன். அந்த ஆய்வின் முடிவு, ஒழுங்காக வருபவர்களுக்கே உரியது; ஆண்டுக்கணக்கில் வாயைக் காட்டாதவர்களுக்கு அதை நீட்டிப் பொருள்கொள்ளக் கூடாது. என்னிடம் முதன்முறையாக வருபவர்களில் பெரும்பாலானோர் வலியோடுதான் வருகிறார்கள். ஆனாலும், கணக்கு ஒன்று மனத்தில் நிற்கட்டும் என்பதற்காக நல்ல பல் உள்ளவரிடமும் ஆறு மாதம் என்று சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டிப் போகிறவர் மூன்றாம் முறை வருவதில்லை. அவருடைய நிலைக்குப் பொருந்தும் தேதியைக் காரணத்தோடு சொன்னால் வருகிறார் என்பது நான் கண்ட அனுபவம்.

அமராவதிக்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மகளுக்கு ஆறாவது பல் கீழே இரண்டு பக்கமும் முளைத்திருந்தது. மேலே வலப்பக்கம் பாதி வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பாவைப் பெரும்பாடுபட்டு வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பல்லைத் தொடுவதற்கு முன்பே, வெற்றிலையை எந்தப் பக்கம் ஒதுக்குவீர்கள் என்று கேட்டார். அப்பா இடக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மருத்துவர் துணியால் நாக்கைப் பிடித்து இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சிறு கண்ணாடியால் இடக் கன்னத்தை விலக்கி, என்னையும் அருகே வரச் சொல்லிக் காட்டினார். ஆறிய பாலில் படியும் ஆடைபோல, கட்டைவிரல் நக அளவுக்கு வெண்மையாக ஒரு படலம் இருந்தது. துடைத்தால் போகவில்லை. அப்பாவுக்கு அங்கே வலியோ எரிச்சலோ ஒருநாளும் இருந்ததில்லையாம். சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியதில், புற்றுநோய் இல்லை என்றும், ஆனால் செல்களில் தொடக்க நிலை மாற்றம் இருக்கிறது என்றும் அறிக்கை வந்திருக்கிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா புகையிலையை விட்டுவிடுகிறேன் என்கிறார். வெறும் வெற்றிலை பாக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

வைகைப் பல்மருத்துவர்

ஐயா, அறிக்கை இந்த அளவில் வந்தது பெரிய ஆறுதல். அப்பாவிடம் வருத்தத்தோடு ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: பாக்கும் வேண்டாம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு வாயின் உட்சவ்வை இறுகச் செய்து, நாளடைவில் வாயைத் திறக்கவே முடியாமல் ஆக்கும் நோயையும் தரும். இடப்பக்கம் ஒதுக்கியதை வலப்பக்கம் மாற்றிக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள், அதனால் பயனில்லை. பல ஆண்டுப் பழக்கம் என்பதால் தனியாக விடுவது கடினம். தேசியப் புகையிலைக் கைவிடல் உதவி எண்ணான 1800-11-2356-ஐ அழைத்தால் கட்டணமின்றி ஆலோசனை தருவார்கள்.

புகையிலை போடுபவர்களுக்குப் பரிசோதனை ஏன் தனிக் கணக்கு என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். வேறு கருவி எதுவும் பெரிதாக இல்லை. 2005-இல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துபவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு, பார்க்கப்படாத பகுதிகளைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

மூன்று மாத வருகைகளுக்கு நடுவே நீங்களும் மாதம் ஒருமுறை அப்பாவின் வாயைப் பாருங்கள். காலையில் வாய் கொப்பளித்த பின், சன்னலருகே உட்காரவைத்து, அந்தப் படலத்தைக் கைப்பேசியில் ஒரே இடத்திலிருந்து ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெண்மைக்கு நடுவே சிவப்பு தோன்றினாலோ, தடித்துச் சொரசொரப்பானாலோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் வந்தாலோ தேதியைப் பார்க்காமல் மறுநாளே கிளம்பிவிடுங்கள். அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் செங்குத்தாக அடுக்கினால் வாய்க்குள் நுழைகிறதா என்று இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது அந்தக் குறிப்பு உதவும்.